எண்சாண் உடம்புக்குள் நாற்பது சாண் குழாய்: செரிமான மண்டலத்தை வீட்டுப் பொருள்களைக் கொண்டு கற்பிக்கும் முறை

வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பி, "உன் வயிறு எங்கே இருக்கிறது, கை வைத்துக் காட்டு" என்று கேட்டால், அவன் தயங்காமல் தொப்புளின்மேல் கையை வைப்பான். அவன் தொட்டது சிறுகுடலை. உணவு முதலில் போய்த் தங்கும் இரைப்பை அதற்கு மேலே, இடப்பக்கத்து விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. தமிழில் 'வயிறு' என்ற ஒரே சொல் இரைப்பைக்கும் குடலுக்கும், ஏன், பிள்ளை சுமக்கும் கருப்பைக்கும்கூடப் பொதுவாக வழங்குவதால் நேரும் குழப்பம் இது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் பாடப்புத்தகத்துப் படத்தை எத்தனை முறை வரையச் சொன்னாலும், உறுப்புகளின் பெயர் மனப்பாடம் ஆகுமே தவிர, அவை எங்கே இருக்கின்றன, ஒன்றுக்கடுத்து ஒன்று ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பது விளங்காது.

தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் நான், இந்தப் பாடத்தை ஒரு ராகிக்களி உருண்டையிலிருந்து தொடங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்த உருண்டை வாயில் நுழைந்தது முதல் வெளியேறும்வரை அதன் பின்னாலேயே போவதுதான் முறை. பெற்றோர் வீட்டிலும் இதைச் செய்யலாம். பழைய பனியன் ஒன்று, பழைய சேலை ஒன்று, சாக்கட்டி, சைக்கிள் டியூப் துண்டு, சோறு வடித்த கஞ்சி, மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின், வெள்ளை வினிகர், கடலை எண்ணெய், சீயக்காய்த்தூள், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஒன்பது ஆகியவை போதும்.

பனியனில் வரைதல்

முதலில் ஒரு மாணவனுக்குப் பழைய பனியனை அணிவித்து, அதன்மேல் சாக்கட்டியால் உறுப்புகளைக் குறிக்க வேண்டும். இங்கே ஒரு தவறு தவறாமல் நடக்கும். புத்தகத்தில் உள்ள உருவம் நம்மை நோக்கி நிற்பதால், அதன் வலப்பக்கத்தில் இருக்கும் கல்லீரல் தாளின் இடப்பக்கத்தில் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தே பழகிய பிள்ளைகள், தம் உடம்பிலும் கல்லீரலை இடப்பக்கமே குறிப்பார்கள். குறிக்கட்டும், தடுக்க வேண்டாம். பிறகு அந்த மாணவனை வகுப்பை நோக்கித் திருப்பி நிறுத்தி, படத்தை அவன் மார்புக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினால், தவறு தானாகவே வெளிப்படும். அப்படித் தாமே கண்டுபிடித்த இட வல மாற்றத்தை அவர்கள் பிறகு மறப்பதில்லை.

கல்லீரல் வலப்பக்க விலாவின் கீழ் தொடங்கி, நடுவைத் தாண்டிச் சற்று இடப்பக்கமும் நீண்டிருக்கும். வளர்ந்தவர்களுக்கு அதன் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. அதன் அடிப்புறத்தில் சிறிய கத்தரிக்காய் அளவில் பித்தப்பை ஒட்டியிருக்கும். இரைப்பைக்குப் பின்னால், முதுகுப்பக்கமாக, சுமார் 15 செ.மீ. நீளத்தில் கணையம் குறுக்காகக் கிடக்கும். இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருப்பதால் அதைப் புள்ளிக்கோட்டால் வரையச் சொல்வது நல்லது. பெருங்குடலைப் படத்துக்குப் போட்ட சட்டம்போல வரைய வேண்டும்: வலப்பக்க இடுப்பின் அருகில் தொடங்கி, மேலேறி, குறுக்கே கடந்து, இடப்பக்கம் இறங்கும். சட்டத்துக்குள் படம் இருப்பதுபோல் நடுவில் சுருண்டு கிடப்பது சிறுகுடல். சட்டம் தொடங்கும் வலப்பக்க மூலையில் ஒரு விரலைப்போலத் தொங்குவது குடல்வால். தொப்புளைச் சுற்றி வலி தொடங்கி, சில மணி நேரத்தில் அந்த மூலைக்கு நகர்ந்து நிலைத்தால், கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன்.

அடுத்தது நீளம். 'எண்சாண் உடம்பு' என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்த எட்டுச் சாணுக்குள் ஏறக்குறைய நாற்பது சாண் குழாய் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சேலையைக் கொண்டு காட்ட வேண்டும். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ., அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல். இரைப்பையும் ஏறத்தாழ அதே நீளந்தான். 'ஒரு சாண் வயிற்றுக்காக' என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வது உடற்கூற்றின்படியும் பொருந்தி வருகிறது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர். ஐந்தரை மீட்டர்ச் சேலையை முழுவதும் விரித்து, அதன் முனையில் ஒரு முழத் துணியை முடிந்தால் அந்த நீளம் வந்துவிடும். அதை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் மடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சிறுகுடலின் விட்டம் இரண்டரை முதல் மூன்று செ.மீ. மட்டுமே. பெருங்குடல் நீளத்தில் ஒன்றரை மீட்டர்தான், ஆனால் அகலத்தில் சிறுகுடலைப்போல் இரண்டு மடங்கு. 'சிறு', 'பெரு' என்ற சொற்கள் அகலத்தைக் குறித்தவை, நீளத்தை அல்ல என்பதை அளந்து பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உயிருள்ள உடம்பில் தசைகள் இறுகியிருப்பதால் சிறுகுடல் இந்த அளவைவிடக் குறுகியே இருக்கும். 6 மீட்டர் என்பது தசை தளர்ந்த நிலையில் அளந்தது.

விரித்த சேலையைப் பனியனில் வரைந்த சட்டத்துக்குள் அடங்குமாறு மடித்து வைக்கும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். கால்மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

களியை மெல்ல வேண்டுமா?

எங்கள் பக்கத்தில் களியை மென்று தின்னும் வழக்கம் இல்லை. உருண்டையிலிருந்து கிள்ளி, கீரைக் கடைசலிலோ கொள்ளுக் குழம்பிலோ தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் முறை. களியை மெல்லும் பிள்ளையைப் பாட்டிமார் கேலி செய்வதும் உண்டு. 'நன்றாக மென்று விழுங்கு' என்று புத்தகம் சொல்ல, பாட்டி வேறொன்று சொல்ல, யார் சொல்வது சரி என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்விதான். நான் இந்த இடத்தில் பாட்டியை முழுவதும் விட்டுக்கொடுப்பதில்லை.

மெல்லுதல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உணவை நொறுக்குவது ஒன்று. அதற்காகத்தான் முன்பக்கம் எட்டு வெட்டுப்பற்கள், நான்கு கோரைப்பற்கள், எட்டு முன்கடைவாய்ப் பற்கள், பன்னிரண்டு பின்கடைவாய்ப் பற்கள் என 32 பற்கள். ராகியைப் பொறுத்தவரை இந்த வேலையை மாவு மில் முன்பே முடித்துவிட்டது. அடுப்பில் நொய்யோடு சேர்த்து வேகவைத்துக் கட்டையால் கிளறும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் குழைந்தும் விடுகிறது. எனவே நொறுக்கப்படாத களியால் பெரிய கேடு இல்லை. ஆனால் கடைசலில் கிடக்கும் அவரைக்கொட்டையையும் நிலக்கடலையையும் களியோடு சேர்த்து விழுங்கினால், அவை தோலோடு முழுதாகவே பயணம் செய்யும்.

மெல்லுதலின் இரண்டாவது வேலை உமிழ்நீரைக் கலப்பது. காதடி, தாடையடி, நாவடி என மூன்று இணைச் சுரப்பிகள் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். களியை விழுங்குகிறவர்கள் இந்தத் தொடக்கத்தை இழக்கிறார்கள், ஆனாலும் பட்டினி கிடப்பதில்லை. காரணம், மாவுச்சத்தின் பெரும்பகுதியை உடைப்பது பின்னால் வரும் கணையத்தின் அமைலேஸ்தான்.

இதைக் கண்ணால் காட்ட ஒரு சோதனை உண்டு. ராகிக் கஞ்சி கருத்திருப்பதால் நிறமாற்றம் தெரியாது. அரிசிக் கஞ்சித் தெளிவே ஏற்றது. கஞ்சியை நீர் கலந்து நன்றாக மெல்லியதாக்கி, மூன்று கண்ணாடி டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முதலாவதில் எதையும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி உமிழ்நீர். மூன்றாவதில் முதலில் ஒரு தேக்கரண்டி வினிகர், அதன் பிறகு ஒரு தேக்கரண்டி உமிழ்நீர். மூன்றையும் கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீர் உள்ள அகன்ற பாத்திரத்தில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். முதலாவதும் மூன்றாவதும் கருநீலமாகும். இரண்டாவது நீலமாகாமல் அயோடினின் மஞ்சள் நிறத்திலோ செம்பழுப்பிலோ நிற்கும், ஏனெனில் அதில் மாவுச்சத்து உடைந்துவிட்டது. மூன்றாவதில் அமிலம் நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டது. இரைப்பைக்குள் போனதும் உமிழ்நீருக்கு நேர்வதும் இதுதான். ஆனால் அங்கே ஒரு சிறு வேறுபாடு: மென்று விழுங்கிய கவளத்தின் நடுப்பகுதிக்குள் அமிலம் ஊறிச் சேரும்வரை உமிழ்நீர் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

முதன்முதலில் இந்தச் சோதனையைச் செய்தபோது, வினிகர் கைவசம் இல்லாததால் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தேன். மூன்றாவது டம்ளரில் விட்ட அயோடினின் நிறம் கண்ணெதிரே மறைந்து, நீர் வெளுத்துப்போனது. "அமிலம் சேர்ந்தால் இன்னும் வேகமாகச் செரிக்கிறது சார்" என்று ஒரு மாணவி எழுதி வைத்தாள். நான் சொல்ல வந்ததற்கு நேர்மாறான முடிவு! எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி அயோடினோடு வினைபுரிந்து அதை நிறமற்றதாக்கிவிடும் என்பது எனக்கு அன்று மாலைதான் நினைவுக்கு வந்தது. ஆகவே எலுமிச்சை வேண்டாம். புளிக்கரைசலும் தன் நிறத்தால் குழப்பும். வெள்ளை வினிகரே சரி.

உணவுக்குழாயும் இரைப்பையும்

விழுங்கும் நொடியில் குரல்வளைமூடி என்னும் சிறு மடல் மூச்சுக்குழாயின் வாயை மறைத்துக்கொள்ள, களி பின்பக்கத்து உணவுக்குழாயில் இறங்குகிறது. அது தானாக விழுவதில்லை. குழாயின் தசைகள் உணவுக்கு மேலே சுருங்கியும் கீழே தளர்ந்தும் அலையலையாகத் தள்ளுகின்றன. சைக்கிள் டியூப் துண்டுக்குள் சோப்பு நீரில் நனைத்த ஒரு நெல்லிக்காயை வைத்து, பின்னாலிருந்து பிதுக்கித் தள்ளச் சொன்னால் இது புரிந்துவிடும். புவியீர்ப்பு இதற்குத் தேவையில்லை என்பதற்குத் தனிச் சோதனை வேண்டாம்: தொட்டியில் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கும் ஆட்டைப் பார்த்தால் போதும், நீர் மேல்நோக்கி ஏறுகிறது.

இரைப்பை காலியாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும், உண்டபின் ஒன்றரை லிட்டர் அளவுக்கு விரியும். அதன் சுவர் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் இரைப்பைநீரைச் சுரக்கிறது. அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் புளிப்புக்கு முன்னால் எங்கள் ஊர்ப் புளியும் தோற்றுவிடும். அந்த அமிலம் உணவோடு வந்த கிருமிகள் பலவற்றைக் கொல்கிறது, பெப்சின் என்ற நொதியைத் தூண்டிப் புரதத்தை உடைக்க வைக்கிறது. அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பது சுவரின்மேல் படிந்திருக்கும் வழவழப்பான சளிப்படலத்தால். அதன் செல்களும் சில நாள்களுக்கொருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கின்றன.

இரைப்பை உணவை அரைக்கும் உரல் மட்டுமே என்று நெடுங்காலம் பலர் நினைத்திருந்தார்கள். அங்கே நடப்பது வேதிவினை என்பதை நேரில் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு ஒரு விபத்தால் வந்தது. 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற விலங்குத் தோல் வணிகப் பணியாளர் துப்பாக்கிக் குண்டு பட்டு உயிர் பிழைத்தார். ஆனால் இரைப்பைக்கும் வெளித்தோலுக்கும் இடையே ஏற்பட்ட துளை மூடவே இல்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், 1825 முதல் உணவுத்துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, நேரம் குறித்து வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பைநீரை வெளியே எடுத்து, குப்பியில் இறைச்சியோடு வெதுவெதுப்பாக வைத்தபோதும் அது கரைந்தது. 1833இல் தம் குறிப்புகளை அவர் வெளியிட்டார். சாகாமல் தப்பியவரின் வறுமையைப் பயன்படுத்திக்கொண்டு அத்தனை ஆண்டுகள் சோதித்தது முறையா என்ற கேள்வியையும் மாணவர்கள் எழுப்புவார்கள். எழுப்பட்டும்.

சேலைதான் பாடம்

இரைப்பையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் தங்கிக் கூழான உணவு, சிறிது சிறிதாகச் சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலுக்குள் விடப்படுகிறது. எண்ணெயும் நெய்யும் கூடிய உணவு இன்னும் நேரம் எடுக்கும், கறிச்சோறு உண்ட நாளில் இரவுப் பசி தள்ளிப்போவது அதனால்தான். சேலையின் முதல் ஒரு சாணில் ஒரு முடிச்சுப் போட்டு இந்தப் பகுதியை அடையாளப்படுத்துங்கள். மொத்தச் செரிமானத்தின் நாற்சந்தி இது. கல்லீரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து கணையநீரும் இங்கேதான் வந்து கலக்கின்றன. கணையநீரில் உள்ள பைகார்பனேட் இரைப்பை அமிலத்தைத் தணிக்க, மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கொழுப்புக்கு லைப்பேஸ் என அதன் நொதிகள் வேலையை ஏற்கின்றன.

பித்தநீரில் செரிக்கும் நொதி எதுவும் இல்லை. அதன் வேலையைச் சீயக்காயால் காட்டலாம். இரண்டு பாட்டில்களில் பாதியளவு தண்ணீரும் ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெயும் ஊற்றி, ஒன்றில் மட்டும் சீயக்காய்த்தூளை ஊறவைத்து வடித்த நீரைச் சேர்த்து, இரண்டையும் ஒரே அளவு குலுக்குங்கள். வெறும் தண்ணீரில் எண்ணெய் உடனே திரண்டு மேலே மிதக்கும். சீயக்காய் நீரில் அது பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து, பால்போலக் கலங்கி நிற்கும். கொழுப்பை இப்படித் துளிகளாக்கித் தந்தால்தான் லைப்பேஸால் அதை எளிதில் உடைக்க முடியும்.

இனி மிச்சமுள்ள சேலை. இதன் உட்சுவர் முழுவதும் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல்கள் நிறைந்துள்ளன, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத உயரம். மடிப்பும் விரல்களும் அவற்றின்மேல் உள்ள இன்னும் நுண்ணிய இழைகளும் சேர்ந்து உறிஞ்சும் பரப்பைச் சுமார் 30 சதுர மீட்டராக்குகின்றன, அதாவது பாட்மின்டன் களத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வழவழப்பான பாலியெஸ்டர்த் துணியையும் தேங்காய்ப்பூத் துண்டையும் ஒரே அளவு வெட்டி நீரில் முக்கிப் பிழிந்து அளந்தால், விரல்விரலாய் நூல் நீண்ட துண்டின் பயன் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டி (ஆட்டுக் குடல்கறி) வாங்கும்போது அதில் தேங்காய்ப்பூத் துண்டைப்போலவே சொரசொரப்பான தோல் வருவதைப் பார்த்த பிள்ளைகள், அதுதான் குடலுறிஞ்சி என்று கொண்டுவந்து காட்டுவார்கள். அது ஆட்டின் அசைபோடும் பெரிய இரைப்பையின் உட்சுவர்; தேன்கூடுபோல் இருப்பது அதை அடுத்த அறை. ஆட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள், நமக்கு ஒன்றே. மனிதக் குடலுறிஞ்சிகளைத் தனித்தனியாகப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும்.

உறிஞ்சப்பட்டது எங்கே போகிறது என்பதற்கு எங்கள் மாவட்டத்துப் பற்களே சாட்சி சொல்லும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருவதால், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை உண்டு. பல் துலக்காததால் வந்த கறை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், குடித்த நீரில் இருந்த ஃபுளோரைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியாகப் உருவாகிக்கொண்டிருந்த பல்லின் எனாமலைச் சென்றடைந்திருக்கிறது. வாயில் நுழைந்த பொருள் வாய்க்கே திரும்பிவர, குடலைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகக் காவிரி நீர் வரத் தொடங்கியதற்குக் காரணமும் இந்த ஃபுளோரைடுதான். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பாதிப்பு) தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது.

இப்போது ஒன்பது பாட்டில்களையும் வரிசையாக நிறுத்துங்கள். ஒரு நாளில் குடிக்கும் இரண்டு லிட்டரும், உமிழ்நீர் முதல் குடல்நீர்வரை உடம்பே சுரக்கும் ஏழு லிட்டரும் சேர்ந்து, சுமார் ஒன்பது லிட்டர் நீர் குழாய்க்குள் வருகிறது. அதில் ஏழரை லிட்டர்போலச் சிறுகுடலே திரும்ப எடுத்துக்கொள்ளும். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால், வயிற்றுப்போக்கில் உடம்பு ஏன் அத்தனை விரைவில் வாடுகிறது என்பது எளிதில் பிடிபடும். குடலின் செல்கள் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், அவற்றோடு நீரும் போகும். உப்புச் சர்க்கரைக் கரைசலின் இரகசியம் இதுவே. 1971இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். இந்தக் கரைசலுக்கான பொட்டலம் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும். உப்பைக் கூட்டினால் ஆபத்து.

கடைசி ஒன்றரை மீட்டர்

பெருங்குடலைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. மீந்து வந்த ஒன்றரை லிட்டர் நீரில் அரை டம்ளர் அளவு தவிர மற்றதை அது உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் நம்மால் செரிக்க முடியாத நாரின் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து உண்கின்றன, அந்த முயற்சியில் காற்றையும் உண்டாக்குகின்றன. ராகியில் நார் மிகுதி என்பதால் களி தின்பவர்களுக்கு மலம் இளகியே வரும்.

உருண்டையின் மொத்தப் பயண நேரத்தை அறிய மக்காச்சோளம் உதவும். அதன் தோல் செல்லுலோசால் ஆனது, அதை உடைக்கும் நொதி மனித உடம்பில் இல்லை. ஒரு கை வேகவைத்த முத்துகளை இரவு உணவோடு அதிகம் மெல்லாமல் தின்று நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் ஒரு வாரம் வேறு சோளம் கூடாது. மஞ்சள் தோல் முதலில் எப்போது தென்படுகிறது, கடைசியாக எப்போது என இரண்டு நேரங்களையும் எழுத வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்கும் மூன்று நாளுக்கும் இடையே அமையும், ஒரே வீட்டிலேயே ஆளுக்கு ஆள் மாறும். மாணவர்கள் இதை வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்று எண்ணினேன்; ஆனால் வேறு எந்த வீட்டுப்பாடத்தையும் அவர்கள் இத்தனை ஒழுங்காகச் செய்து கொண்டுவந்ததில்லை. கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒரு தாளையும், நூலில் கட்டிய பென்சிலையும் தொங்கவிட்டால் நேரம் குறிக்க மறக்காது.